சுவர்ப் பணம், தலைப் பணம்

லார்க் பே பள்ளியில் நீச்சல் குளம் திறந்த அன்று ஐலா கொஸ்கிக்கு வயிற்றுவலி வந்தது. உண்மையான வலிதான், நடிப்பில்லை. ஆனாலும் விழாவுக்குப் போகாமல் இருக்க வழியில்லை. அந்தக் குளத்துக்குப் பணம் திரட்டிக் கட்டி முடித்தவள் கார்லா; ஐலாவின் அண்ணன் ரெய்னோவின் மனைவி. போகாவிட்டால் நாத்தனாருக்கு வயிற்றெரிச்சல் என்று ஊர் பேசும். வயிற்றெரிச்சல் இருப்பது வேறு, அதை ஊர் பேசுவது வேறு. ஐலா ஒரு மாத்திரையை விழுங்கி, இருப்பதில் நல்ல கோட்டாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, மகள் மாரெட்டையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் காரை விட்டாள்.

குளம் அழகாக இருந்தது. அதுதான் அது செய்த முதல் குற்றம். ஏரியைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஜனங்கள் அரைக்கைச் சட்டையோடு கேக் தின்றுகொண்டிருந்தார்கள். கார்லா மேடையேறி, "எங்களுக்கு அதிர்ஷ்டம், வேற ஒண்ணுமில்ல" என்று தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஐலாவால் தாங்கவே முடியாது. பெருமையடித்துக்கொள்கிறவளைத் திட்டலாம். அடக்கமாகப் பேசுகிறவளை என்ன செய்வது?

அதிர்ஷ்டமாம்! லார்க் பேயின் ஏரிக்கரை முழுக்கச் சிகாகோ பணக்காரர்களின் கோடைக்கால வீடுகள். வீட்டு வரியை அவர்கள் இங்கே கட்டுவார்கள். ஓட்டு மட்டும் சிகாகோவில். ஆகவே குளம் கட்டலாமா என்று ஊரைக் கேட்டால், ஊர் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறது? ஓட்டுப் போடுகிறவன் ஒருவன், பில் கட்டுகிறவன் பாதிக்கு மேல் இன்னொருவன். ஐலா நிதி அதிகாரியாக இருக்கும் ஆட்டர் க்ரீக் பள்ளி மாவட்டத்தில் ஏரியும் இல்லை, சிகாகோவும் இல்லை. காடுதான். பாதிக் காடு அரசாங்கத்தினுடையது, வரியே கிடையாது. மீதிக் காடு மரக் கம்பெனியினுடையது, அவன் கட்டுகிற வரியில் ஒரு நல்ல சாப்பாடு போடலாம். பள்ளிக்கூரை ஒழுகுகிறது, புதுக்கூரை போட வேண்டும் என்று ஐலா இரண்டு தடவை ஊரிடம் ஓட்டுக் கேட்டாள். இரண்டு தடவையும் ஊர் முகத்தில் அடித்தது போல் முடியாது என்றது.

இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் பணத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். கட்டடம் கட்ட ஊர் ஓட்டுப் போட்டுத் தருவது சுவர்ப் பணம். பிள்ளைகளின் தலையை எண்ணி மாநிலம் தருவது தலைப் பணம், தலைக்கு ஏறக்குறைய பத்தாயிரம் டாலர். சம்பளம், பஸ், பெட்ரோல், சோப்பு எல்லாமே தலைப் பணத்தில்தான் நடக்க வேண்டும். சுவர்ப் பணத்தில் ஒரு காசை எடுத்து வாத்தியாருக்குக் கொடுக்கச் சட்டம் விடாது. அக்டோபர் முதல் புதன்கிழமை தலை எண்ணும் நாள். அன்று எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதோ அந்தப் பள்ளிக்கு அந்தப் பிள்ளையின் பணம். பிள்ளை பக்கத்து ஊருக்குப் போனால் பணமும் பின்னாலேயே பஸ் ஏறிவிடும்.

கேக் தின்று முடித்ததும் பிள்ளைகளைக் குளத்தில் இறங்க விட்டார்கள். மாரெட்டுக்குப் பதினான்கு வயது. வருஷத்தில் பனி உருகியிருக்கும் இரண்டே மாதம், வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையில் நீந்திப் பழகியவள். இங்கே குதித்தவள் பாதிக்குளம் தாண்டித்தான் தலையை வெளியே எடுத்தாள்.

"அம்மா! தண்ணி சுடுதும்மா! அடி தெரியுது!"

"போதும், ஏறு. நேரமாச்சு."

"விடேன் ஐலா" என்றாள் கார்லா, பக்கத்தில் வந்து நின்று. "இன்னும் ஒரு ரவுண்டு அடிக்கட்டும். எங்க பிள்ளைங்கள்ல ஒருத்தர்கூட இப்படி நீந்தல."

எங்க பிள்ளைங்க! மீனுக்குப் போடும் தூண்டில் எப்படி இருக்கும் என்று ஏரிக்கரையில் வளர்ந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றே ஐலா மனதுக்குள் ஒன்றை முடிவு கட்டிக்கொண்டாள். ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் லார்க் பேக்குப் போனாலும் போகட்டும், என் பெண் மட்டும் கார்லாவின் கணக்கில் ஒரு தலையாக உட்காரக் கூடாது.

கார்லா மேல் ஐலாவுக்கு இருந்த காய்ச்சல் குளத்தோடு தொடங்கியதல்ல. லார்க் பே பள்ளி மாவட்டத்தில் நிதி அதிகாரி வேலை காலியானபோது அதற்கு ஐலாவும் விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தது கார்லாவுக்கு. கார்லா இதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஐலாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கார்லாவின் அலுவலக ஜன்னலைத் திறந்தால் ஏரி. ஐலாவின் அலுவலகம், ஒரு காலத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த அறை. அடுப்புகூட இன்னும் மூலையில் நிற்கிறது. கார்லாவின் சுவரில் மாநிலச் சங்கம் கொடுத்த விருதுப் பலகை. ஐலாவின் சுவரில் ஈரக்கறை. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ரெய்னோ வீட்டில் கூடினால் கார்லா சுட்ட பாஸ்டியைத்தான் முதலில் காலி பண்ணுவார்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற சாதாரண பாஸ்டியில்கூட ஒருத்தி ஜெயிக்க முடியுமா? முடியும் போலிருக்கிறது.

மே மாதத்தில் ஒரு நாள் கார்லா அந்தச் சமையலறை அலுவலகத்துக்கு வந்தாள். கையில் துணி சுற்றிய பாத்திரம். வாசனை முன்னாலேயே வந்துவிட்டது. ஐலாவின் மேஜையருகே ஒரு சூப் சட்டியில் கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மேல ஒழுகுதா?" என்றாள் கார்லா.

"இல்ல, பாட்டுக் கேக்க வெச்சிருக்கேன். உக்காரு."

கார்லா உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. "ஒண்ணு சொல்லணும் ஐலா. சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற மாதிரி இருந்தா சிரிப்பேன்."

"குளம் எங்களை முழுங்குது. கட்டுறதுக்கு ஊர் குடுத்துச்சு. அதைச் சூடு பண்ண யாரு குடுப்பா? கேஸ் பில்லு, தண்ணிக்கு மருந்து, காவலுக்கு ஆளு, எல்லாம் தலைப் பணத்துலதான் போவுது. போன மாசம் ரெண்டு வாத்தியாரை நிறுத்தச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போய் அழுதேன்."

ஐலா சிரிக்கவில்லை. ஆனால் புழுக்கமான அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல நெஞ்சு குளிர்ந்தது. எத்தனை வருஷமாயிற்று இப்படி ஒரு நல்ல செய்தி கேட்டு! முகத்தை மட்டும் துக்க வீட்டு முகமாக வைத்துக்கொண்டாள். "அடப்பாவமே" என்றாள்.

"அதனால ஒரு யோசனை. மூணுல ஒரு பங்கு செலவு நீங்க ஏத்துக்குங்க. உங்க பிள்ளைங்க வாரத்துல மூணு நாள் வந்து நீந்தட்டும். ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரே டீம். பதிலுக்கு நாங்க கதவைச் சாத்திடறோம். உங்க எல்லைக்குள்ள இருக்கற ஒரு பிள்ளையைக்கூட எங்க பள்ளியில சேக்க மாட்டோம். எங்க பள்ளி வாரியத்துக்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டாங்க."

"சேராட்டி?"

"சேராட்டி எங்களுக்குத் தலை வேணும். உங்க எல்லை வரைக்கும் பஸ் விடுவாங்க. நான் குறுக்க படுத்தாலும் விடுவாங்க."

"மிரட்டறியா?"

"கணக்கைச் சொல்றேன். நீயும் நானும் பாக்கறது ஒரே கணக்குதானே?"

யோசனை நல்ல யோசனை. ஐலாவுக்கு அது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பிள்ளைகள் வெளியே போகாமல் இருந்தாலே குளத்துப் பங்கைப் போல இரண்டு மடங்கு மிச்சம். வேறு எந்த ஊர்க்காரராவது இதைக் கொண்டுவந்திருந்தால் ஐலா அவரைக் கட்டிப்பிடித்திருப்பாள். கொண்டுவந்தவள் கார்லா. அந்தக் கோட்டோடு, அந்தப் பாஸ்டியோடு, விழுந்துகொண்டிருக்கும்போதும் அடுத்தவளுக்கு நல்லது செய்கிற அந்த முகத்தோடு.

எழுந்து போகும்போது கார்லா, "மாரெட்டுக்கும் நல்லதுதானே" என்றாள். அதை மட்டும் சொல்லாமல் போயிருக்கலாம்.

வாரியக் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. வாரியத்தில் இருந்தவர்கள் பெட்ரோல் பங்க்காரர், தபால்காரி, மரம் வெட்டுகிறவர், இப்படி. எல்லாரும் நல்லவர்கள்; எண்களைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு ஐலாவைப் பார்ப்பவர்கள். பல வருஷமாக அவள் சொன்னதற்குத் தலையாட்டி ஒரு தடவைகூடக் கெட்டுப்போகவில்லை. ஐலா எழுந்து நின்றாள்.

"அவங்க கட்டினது அவங்க இஷ்டம். திறப்பு விழாவுல நம்மளைக் கேட்டா ரிப்பன் வெட்டினாங்க? கேஸ் பில்லு மட்டும் நமக்கா? நம்ம பஸ்ஸுக்கு டயர் மாத்தணும். கூரையில தண்ணி. இதையெல்லாம் விட்டுட்டு, இன்னொரு ஊர்க் குளத்துக்கு நம்ம தலைப் பணத்தைக் கொட்டறதான்னு நீங்களே சொல்லுங்க."

கையில் கொடுத்த தாளில் எல்லாம் இருந்தது. கேஸ் செலவு, காவலாள் சம்பளம், பஸ் பெட்ரோல், இரண்டு வருஷத்துக்குப் பின் எவ்வளவு ஏறும் என்பது வரை. எண் ஒன்றுகூடப் பொய் இல்லை. பொறாமைக்கு இவ்வளவு சுத்தமான சட்டை போட்டுவிட ஐலாவைத் தவிர வேறு யாராலும் முடியாது.

கண்காணிப்பாளர் பிரெண்ட் ஒலிலா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன மாவட்டம் என்பதால் அவரே உயர்நிலைப் பள்ளி முதல்வர், அவரே கணக்கு வாத்தியார், பனிக்காலத்தில் வாசல் பனியை அள்ளுகிறவரும் அவரே.

"ஐலா, இதுல ஒரு பத்தி காணோமே."

"எது?"

"வேண்டாம்னு சொல்லிட்டா எத்தனை பிள்ளைங்க அங்க போவாங்கங்கற பத்தி."

ஐலா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அது ஊகம் பிரெண்ட். ஊகத்தை நான் கணக்குல எழுதறதில்ல."

வாரியம் மெய்சிலிர்த்துப் போயிற்று. எப்பேர்ப்பட்ட நேர்மை! ஆனால் பிரெண்ட் மட்டும் அவளை விசித்திரமாகப் பார்த்தார். காரணம் இருந்தது. இந்த மாநிலத்தில் பள்ளி பட்ஜெட் என்பதே ஊகம்தான். ஜூனில் பட்ஜெட்டை எழுதிவிட வேண்டும். தலை எண்ணுவதோ அக்டோபரில். வருஷா வருஷம் ஐலா பட்ஜெட்டைத் தொடங்குவதே அந்த ஒரு ஊகத்தில்தான்: எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள், எத்தனை பேர் போவார்கள். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை; எந்த வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறக்கப் போகிறது, எந்தப் புருஷன் வேறு ஊரில் வேலை தேடுகிறான் என்று மோப்பம் பிடித்து எழுதுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு அந்தப் பத்தியை எழுதாமலேயே விட்டுவிட்டாள். எழுதியிருந்தால் தாள் முழுக்கத் தலைகீழாகத் திரும்பியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

வாரியம் வேண்டாம் என்று கை தூக்கியது. ஐலா அன்று வீட்டுக்குப் போகிற வழியில் காரில் பாட்டுப் போட்டாள்.

அந்தப் பாட்டு ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ரெய்னோவின் வாய் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மாரெட் மான்கறியைக் கிளறிக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை.

"அம்மா, நீ சொன்னதாலதான் வேண்டாம்னாங்களாமே?"

"நான் கணக்கைச் சொன்னேன். முடிவு பண்ணது வாரியம்."

"வாரியம் நீ சொல்றதைத்தானே கேக்கும்?"

"நம்மகிட்ட பணம் இல்ல மாரெட். பஸ்ஸுக்கு டயர் இல்ல. உனக்குக் குளமா?"

"டயர் இல்லாதது நெசந்தான். ஆனா நீ வேண்டாம்னது அதுக்காக இல்ல."

"வேற எதுக்காம்?"

"கேட்டது கார்லா அத்தைங்கறதுக்காக."

ஐலாவின் கணவன் கர்ட், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தடவிய இடத்திலேயே மறுபடி தடவினான். சாலைத் துறையில் லாரி ஓட்டுகிறவன். வீட்டுச் சண்டை எந்தத் திசையில் சரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவான்.

"தட்டை எடுத்துக்கிட்டு எழுந்திரு" என்றாள் ஐலா.

மாரெட் எழுந்து போனாள். அவள் அழுதிருந்தால் பரவாயில்லை. அம்மாவைப் பார்த்த பார்வையில் இரக்கம் மாதிரி ஏதோ இருந்தது. அதுதான் ஐலாவுக்குச் சுருக்கென்றது.

ஆகஸ்டில் லார்க் பே சொன்னபடி அறிவித்தது: ஆட்டர் க்ரீக் எல்லையில் பஸ் நிற்கும், விரும்பியவர்கள் வரலாம். மஞ்சள் பஸ்ஸின் பக்கவாட்டில் நீலத்தில் ஒரு மீன் வேறு வரைந்திருந்தார்கள். எல்லையோரத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பலசரக்குக் கடையில் ஐலாவைப் பார்த்தால், இத்தனை நாள் நின்று பேசியவர்கள் திடீரென்று தக்காளியை ஆராய்ந்தார்கள்.

சேர்க்கை மனுவில் பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். மாரெட் அம்மாவிடம் கேட்கவே இல்லை.

"நீ போட்டியா?" என்றாள் ஐலா, கொட்டகையில் ரம்பத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கர்ட்டிடம்.

"போட்டேன்."

"நீயும் அவ பக்கமா?"

"அவன்னா யாரு? நான் என் பொண்ணு பக்கம்."

"ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கும் கர்ட். நிதி அதிகாரி பொண்ணே போயிட்டான்னு சிரிக்கும். பத்தாயிரம் டாலர் போச்சுன்னு..."

"உனக்கு இப்ப வலிக்கறது பத்தாயிரமா?" கர்ட் தலை நிமிரவில்லை. "பத்தாயிரம்னா சொல்லு, என் லாரியை வித்துக் குடுக்கறேன்."

நீச்சல் பயிற்சி விடியற்காலையில். எல்லையில் நிற்கும் பஸ் அவ்வளவு சீக்கிரம் வராது. அதனால் வாரநாளெல்லாம் மாரெட் ரெய்னோ மாமா வீட்டிலேயே தங்குவதாக முடிவாயிற்று. யார் முடிவு பண்ணினார்கள் என்று ஐலா கேட்கவில்லை. பை கட்டிக்கொண்டு பெண் கிளம்பிய அன்று மாலை, தொலைபேசியை எடுத்துக் கார்லாவைக் கூப்பிட்டாள்.

"என் பொண்ணையும் உன் கணக்குல சேத்துட்ட. இப்பத் திருப்தியா?"

அந்தப் பக்கமிருந்து கார்லா மெதுவாகச் சொன்னாள். "அவளா வந்தா ஐலா. நான் கூப்பிடல. உனக்கு மனசு ஆறலைன்னா இப்பவே ஒரு வார்த்தை சொல்லு. நானே வண்டியில வெச்சுக் கொண்டாந்து விட்டுடறேன். சேர்க்கையையும் ரத்து பண்ணிடறேன். அவகிட்ட நான் பேசிக்கறேன்."

ஒரு வார்த்தைதான். ஐலாவின் நாக்கு நுனி வரை வந்தது. வாசலில் மாரெட்டின் ரப்பர் செருப்பு கிடந்தது, ஒன்று நிமிர்ந்து, ஒன்று குப்புற. சொல்லிவிட்டால் ஒரு மணி நேரத்தில் பெண் வீட்டில் இருப்பாள். ஆனால் அப்படி வாங்கிக்கொண்டால் அது கார்லா கொடுத்ததாகிவிடுமே! தன் பெண்ணையே கார்லாவின் கையிலிருந்து தானமாக வாங்குவதா? காலமெல்லாம் அந்த அடக்கச் சிரிப்போடு, சொல்லிக்காட்டாமலேயே, அவள் இருப்பாளே!

"நீ யாரு என் பொண்ணை எனக்குக் குடுக்க?" என்று சொல்லி ஐலா போனை வைத்தாள். வைத்த பிறகு நெடுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அது மறுபடி அடிக்கும் என்று. அடிக்கவில்லை.

தலை எண்ணும் நாள் வந்தது. வழக்கம்போல அன்று பிள்ளைகளைக் கவர்ந்திழுக்க ஆட்டர் க்ரீக்கில் ஏலக்காய் ரொட்டியும் சூடான சாக்லேட் பாலும் இலவசம். மூக்கு ஒழுகுகிற பையனைக்கூட பிரெண்ட் தன் வண்டியிலேயே போய்க் கம்பளியோடு அள்ளிக்கொண்டு வந்தார். "எண்ணி முடிச்சதும் தும்மிக்கோடா" என்று அவனை முதல் வரிசையில் உட்கார வைத்தார்.

ஐலா பெயர்ப்பட்டியலோடு ஒவ்வொரு வகுப்பாகப் போனாள். மற்ற வருஷங்களில் இது அவளுக்குப் பிடித்த நாள். கதவைத் திறந்ததும் அத்தனை தலைகளும் திரும்பும். அத்தனை தலையும் தன்னுடையது என்று ஒரு பெருமிதம் வரும். இந்த வருஷம் வகுப்புகளில் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளிகள். ஒன்பதாம் வகுப்பில் மாரெட் உட்கார்ந்திருக்க வேண்டிய ஜன்னலோர மேஜையையே காணோம். காலியாகக் கிடந்தால் ஐலாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அந்த வகுப்பு வாத்தியார் அதை எடுத்து நடையில் போட்டிருந்தார். தரையில் நான்கு கால் பதிந்த தடம் மட்டும் இருந்தது. ஐலா பட்டியலைப் பார்ப்பது போல நின்றாள். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. எடுத்தவளே அவள்தானே.

மாலை கூட்டிப் பார்த்ததில் குளத்துக்குக் கொடுக்க மறுத்ததைப் போல மூன்று மடங்கு போயிருந்தது. பாண்டு வாத்தியம் சொல்லித்தருகிற வாத்தியாருக்கு இனி அரை நாள் வேலை. ஒரு பஸ் தடம் நிறுத்தம். பிரெண்ட் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊகம் சரியாத்தான் இருந்திருக்கும் ஐலா. எழுதியிருந்தா."

அவ்வளவுதான் சொன்னார். ஐலா சூப் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் மாரெட் வீட்டுக்கு வருவாள். தலைமுடியில் குளத்து மருந்து வாசனை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சண்டை போட மாட்டாள். அப்பாவிடம் மட்டும் கொட்டகையில் உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் கேட்கும். "கார்லா அத்தை சொன்னாங்க" என்று ஆரம்பித்து, அம்மா அந்தப் பக்கம் இருப்பதைக் கண்டால் நிறுத்திக்கொள்வாள். அந்த நிறுத்தத்தில்தான் ஐலாவுக்கு உயிர் போகும். போட்டிகளுக்குக் கர்ட் போய்வந்தான். ஐலாவை அவன் கூப்பிடவும் இல்லை, கூப்பிடாமலும் இல்லை. "வண்டியில இடம் இருக்கு" என்பான். ஐலாவுக்கு எப்போதும் வேலை இருந்தது.

ஜனவரியில் பெரிய போட்டி. கர்ட்டுக்கு அன்று சாலையில் பனி அள்ளும் வேலை, போக முடியவில்லை. ஐலா யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். நல்ல கோட்டை எடுத்தாள், வைத்தாள், பழைய கோட்டையே மாட்டிக்கொண்டாள்.

குளத்து வாசலில் மேஜை போட்டு டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தவள் ஷெர்லின்; லார்க் பே பள்ளிச் சமையல்காரி, ஐலாவைச் சிறுவயதிலிருந்து தெரிந்தவள்.

"ஐலா! வந்துட்டியா! போ போ, நேரா உள்ள போ. நம்ம பக்கத்து முதல் வரிசையில கார்லா உனக்கு இடம் புடிச்சு வெச்சிருக்கா. ஒவ்வொரு போட்டிக்கும் கோட்டைப் போட்டு ஒரு இடம் வெப்பா, யாரையும் உக்கார விடமாட்டா. ஐலா வருவா, ஐலா வருவான்னு. உனக்கு டிக்கெட்டு எதுக்கு?"

ஐலா கைப்பையைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஒவ்வொரு போட்டிக்கும்! இதிலும் அவள்தான் நல்லவளா? தான் வராத நாளெல்லாம் அந்தக் காலி இடத்தை ஊரே பார்த்திருக்கும். பார், வராத அம்மாவுக்கும் இடம் வைத்திருக்கிறாள் கார்லா என்று பேசியிருக்கும். காதெல்லாம் சூடேறியது.

"வந்தவங்க பக்கம் ஒரு டிக்கெட் குடு" என்றாள்.

"என்னது? எதிர் ஊர்க்காரங்க பக்கமா?"

"ஆமா. பணத்தைப் புடி."

எதிர்ப்பக்கத்து இருக்கைகளில் மேற்கேயிருந்து பஸ்ஸில் வந்த வேற்றூர்ப் பெற்றோர்கள் நிறைந்திருந்தார்கள், சிவப்புத் தொப்பியும் கொடியுமாக. ஐலா மேல் வரிசையில் ஒரு ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள். குளத்துக்கு அந்தப் பக்கம் கார்லா தெரிந்தாள். பக்கத்தில் ரெய்னோ. நடுவே ஒரு கோட்டு விரித்த காலி இடம். மாரெட் நீலத் தொப்பியில் வந்து, குளத்தோரத்தில் குதிப்பதற்கான கட்டை மேல் ஏறி நின்றாள். தோள்கள் அகன்று, உயரமாக. எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? குனிவதற்கு முன் அந்தப் பக்கத்து முதல் வரிசையை ஒரு முறை பார்த்தாள். கார்லா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பெண் தலையாட்டினாள்.

அவ்வளவுதான், ஒரு தலையாட்டல். கண்ணாடிச் சுவர், விருதுப் பலகை, ஏரி ஜன்னல் என்று இத்தனை வருஷம் பட்டதெல்லாம் ஒரு பொறாமையா? அதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு என்று இப்போதுதான் தெரிந்தது.

விசில் ஊதியது. மாரெட் தண்ணீருக்குள் போனாள், பாதிக்குளம் தாண்டித் தலையெடுத்தாள். திரும்பும்போது முதலாவதாக இருந்தாள். ஐலா தன்னை அறியாமல் எழுந்து நின்று கத்தினாள். "மாரெட்! இழு! இழுடி என் கண்ணு!" சுற்றிலும் சிவப்புத் தொப்பிகள் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் ஐலாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மாரெட் சுவரைத் தொட்டாள். முதலாவதாகத்தான் தொட்டாள். தலையைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தாள், கார்லா இரண்டு கையையும் தூக்கிக் குதிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். இந்தப் பக்கம் திரும்ப அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

பக்கத்தில் இருந்த சிவப்புத் தொப்பி அம்மாள் ஐலாவின் ஈரக் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "உங்க பொண்ணு எந்த வரிசையில நீந்தினா?"

"நாலாவது" என்றாள் ஐலா.

"நாலாவதா?" அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "அது நீலத் தொப்பியில்ல? அது அவங்க பொண்ணாச்சே!"

ஐலா மெல்ல உட்கார்ந்தாள்.

"ஆமா" என்றாள். "அவங்க பொண்ணுதான்."